மானை நெருங்க எதிர்க்காற்று மட்டும் போதுமா?

தாராபுரத்தான்

வணக்கம்ங்க. நான் படம் எடுக்கிறவன், வேட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கேட்கப்போவது வேட்டைக்காரர்கள் காலங்காலமாகத் தலையை உடைத்துக்கொண்ட கேள்விதான். மானை நெருங்க வேண்டுமென்றால் காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடிக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

அமராவதி அணைக்கு மேற்கே காடும் பட்டா நிலமும் ஒட்டுகிற இடத்தில் ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று, இருக்கிறது. ஆனி, ஆடியில் மேகாத்து (மேற்குக் காற்று) அடிக்கும்போது புள்ளிமான்கள் கரட்டின் கிழக்குச் சரிவை ஒட்டி ஒதுங்கி மேயும். நான் கிழக்கே தோட்டத்து வேலிப் பக்கமிருந்து மெதுவாக நடப்பேன். காற்று மேற்கிலிருந்து வருகிறது, முகத்தில் நன்றாகவே தெரிகிறது. செடி மறைவும் இருக்கிறது, காலடிச் சத்தமும் காற்றில் அமுங்கிவிடும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கூப்பிடு தூரத்துக்குள் போனதும் ஏதாவது ஒரு பெட்டை தலையைத் தூக்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும், கீச்சென்று ஒரு கத்து, கூட்டமே கரட்டைச் சுற்றிப் போய்விடும். என்னைப் பார்த்துவிட்டு ஓடுவது போலவும் தெரியவில்லை. கழுத்தை நீட்டி மூக்கைத் தூக்குவது கேமராவில் தெளிவாகத் தெரிகிறது.

எதிர்க்காற்றில் போயும் வாசம் எப்படிப் போய்ச் சேருகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்கணக்கு

கரட்டின் கிழக்குப் பக்கம், ஆனி மாதம், மேகாத்து என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விட்ட திறப்பு. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் எங்கும் காற்றாலை நட்டிருப்பதும் அதனால்தான். இவ்வளவு வேகமான காற்று ஒரு கரட்டில் மோதினால் மறுபக்கம் சரிவை ஒட்டி ஒழுங்காக இறங்கி வராது. உச்சியோடு பிரிந்து மேலேயே போய்விடும். கீழே, கரட்டின் மறைவில், ஒரு சுழல் உருளும். அந்தச் சுழலின் அடிப்பக்கக் காற்று கரட்டை நோக்கித் திரும்பி ஓடும். மேலே மேற்கிலிருந்து கிழக்கு, கீழே கிழக்கிலிருந்து மேற்கு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

நீங்கள் வேலியோரம் நிற்கும்போது முகத்தில் அடிப்பது மேல்காற்று. நெருங்க நெருங்க ஓர் இடத்தில் காற்று செத்த மாதிரி இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? மறைவுக்குள் வந்துவிட்டோம் என்று அங்கே நிம்மதி வரும். அங்கேதான் உங்கள் வாசம் முன்னால் போக ஆரம்பிக்கிறது. திரும்பி ஓடுகிற அந்தக் காற்று மெல்லியது, தோலுக்குத் தெரியாது. வாசத்தைச் சுமக்க அது போதும்.

மான்கள் அங்கே ஒதுங்குவதும் சும்மா இல்லை. பலமான காற்றில் இலையெல்லாம் அசைந்து, எல்லாம் இரைந்து, கண்ணும் காதும் அவற்றுக்குப் பாதியாகிவிடும். கரட்டு மறைவில் சத்தம் குறைவு. மேலிருந்து வரும் காற்று கரட்டுக்கு அந்தப் பக்கத்துச் சேதியைக் கொண்டுவருகிறது, திரும்பி ஓடுகிற காற்று இந்தப் பக்கத்துச் சேதியைக் கொண்டுவருகிறது. மான் கணக்குப் போட்டு நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அதற்குப் பதற்றம் குறைகிறது, அங்கேயே தங்குகிறது.

தாராபுரத்தான்

> ஓர் இடத்தில் காற்று செத்த மாதிரி இருக்குமே

ஆமாங்க, இருக்கும்! வேப்பமரம் ஒன்று நிற்கிறது, அதைத் தாண்டினால் சட்டை அசையாது. அங்கே உட்கார்ந்துதான் லென்ஸ் மாற்றுவேன்.

சரி, அப்படியென்றால் அந்தத் திருப்பக் காற்று எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்துக்கும் தெரியாது, செல்போனில் பார்த்தால் ஊருக்கே ஒரே அம்புக்குறிதான் போட்டிருக்கிறான்.

திம்பம் வளைவு

தம்பி, செல்போனை உள்ளே வையுங்கள். எருக்கம் பஞ்சு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆசனூர், தாளவாடிப் பக்கம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டியவன் நான். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கூடவே வருவார்கள். ஊராளி, சோளகர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் நிறையப் பேர். அவர்கள் காற்றைப் பார்க்கிற விதமே தனி. நாமெல்லாம் ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டு, எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்போம். மண் கனம். காலடிக்குள்ளேயே விழுந்துவிடும். நம் காலடியில் காற்று எப்படி என்று மட்டும் சொல்லும். விபூதி, பவுடர் கொஞ்சம் தேவலை, அதுவும் நாலு முழத்தில் கலைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எருக்கம் பஞ்சு அப்படி இல்லை. காய் வெடித்ததும் உள்ளே விதையோடு பட்டு மாதிரிப் பஞ்சு அடுக்கி இருக்கும். ஒன்றே ஒன்றை எடுத்து, விதையைக் கிள்ளிவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டினால் போதும், ஊதக் கூட வேண்டாம். ஒருமுறை ஒரு பையன் இப்படித்தான் விட்டான். பஞ்சு நெஞ்சு உயரத்தில் எங்களுக்கு முன்னால் போனது. உண்ணிச்செடிப் புதர் வந்ததும் தயங்கி நின்று, இரண்டு ஆள் உயரம் மேலே ஏறி, இடப்பக்கமாகத் திரும்பி, பள்ளத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. பள்ளத்துக்குள் கடமான் இருந்தது. எங்களுக்கு முன்னால் எதிரே இருந்த திறந்த இடத்தில் எதுவும் இல்லை. அவன் பஞ்சு போன பாதையைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் வேண்டாம், திரும்பிச் சுற்றலாம் என்றான். சித்த நேரத்தில் பள்ளத்துக்குள்ளிருந்து கடமான் கத்தல் கேட்டது, வாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது.

உங்கள் வேப்பமரத்தடியில் நின்று நாலைந்து பஞ்சை விட்டுவிட்டு விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் விட்டு முடிவு கட்டாதீர்கள். காற்று மூச்சு மாதிரி விட்டுவிட்டுத்தான் வரும், ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு வழியில் போகும். அதில் ஒன்று மான் பக்கம் போனாலும் போதும், உங்கள் வாசமும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் படிப்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம், சொந்த நிலத்தில் மேய்ந்தாலும் குற்றம்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவதும் குற்றம். இங்கே பேசுவது பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும். வெளிநாட்டில் சட்டப்படி வேட்டையாடும் நண்பர்கள் அங்கேயுள்ள அனுபவத்தை எழுதலாம், தடையில்லை.

சான் ஆன்டோனியோ கொங்கன்

நெறியாளர் அனுமதி கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன். சொந்த ஊர் கோபி, இப்போது டெக்சாஸ். இங்கே லைசன்ஸ் எடுத்து, பண்ணை உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வேட்டைக்குப் போகிறவன்.

ஊரில் இருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. நம் புள்ளிமானும் வெளிமானும் இங்கே காட்டில் திரிகின்றன. 1930-களில் கொண்டுவந்து விட்டது, மலைநாட்டுப் பகுதியில் பெருகிப்போனது. வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் அரசு இவற்றுக்கு வேட்டைப் பருவம் வைக்கவில்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. இந்த ஊரின் சொந்த மானான வெள்ளைவால் மானுக்குத்தான் பருவம், வரம்பு எல்லாம். ஆகவே ஒரே இடத்தில் மூன்று வகை மானையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிற வாய்ப்பு எனக்கு.

வெள்ளைவால் மான்தான் மூக்கு விஷயத்தில் ராஜா. தனியாக அல்லது சின்னக் குடும்பமாக இருக்கும், புதருக்குள் இருக்கும், மூக்கை நம்பியே வாழும். படுக்கும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரிப் படுத்து, முன்னால் கண்ணை வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வருவதை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னாலிருந்து வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும். கிடா ஒன்று சத்தம் கேட்டு வருகிறது என்றால் நேராக வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக வளைந்து போய், வாசம் பார்த்த பிறகுதான் நெருங்கும். அந்த வளைவைக் கணக்கில் வைத்து உட்காராதவர் கிடாவைப் பார்க்காமலேயே வீடு திரும்புவார்.

புள்ளிமான் கூட்டமாக இருப்பதால் அதற்குப் பத்து மூக்கு, இருபது கண். ஒரு மானிடமிருந்து நாம் தப்பலாம், கூட்டத்தின் ஓரத்தில் பின்தங்கி மேய்கிற ஒரு பெட்டையிடம் மாட்டிக்கொள்வோம். நாம் குறி வைத்திருக்கும் கிடாவுக்குக் காற்று சரியாக இருக்கும், கூட்டத்தின் வால் எங்கே நீண்டிருக்கிறது என்பதுதான் தெரியாது.

வில் வேட்டைக்காரர் 20 யார்டு வரை நெருங்க வேண்டும். அவருக்குக் காற்றுதான் எல்லாம். துப்பாக்கிக்காரருக்கு 150, 200 யார்டு தள்ளி நின்றாலும் முடியும், அவருக்குக் காற்றில் கொஞ்சம் சலுகை உண்டு. அதனாலேயே இங்கே காற்றைப் பற்றி நன்றாகப் பேசுகிறவர்கள் எல்லாம் வில்காரர்கள். ஒரே தீவனப் பாதைக்கு இரண்டு இடத்தில் மேடை கட்டி வைத்திருப்பார்கள். வழக்கமான தெற்குக் காற்றுக்கு ஒன்று, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று திரும்பும் நாளுக்கு ஒன்று. காற்று சரியில்லையென்றால் அந்த மேடைக்குப் போகவே மாட்டார்கள், மான் அங்கேதான் நிற்கிறது என்று தெரிந்தாலும். ஒருநாள் தப்பான காற்றில் போய் உட்கார்ந்தால் அந்த இடத்தையே மான் பல நாள் ஒதுக்கிவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

திம்பம் அண்ணன் சொன்ன எருக்கம் பஞ்சு படித்ததும் துள்ளிவிட்டேன். இங்கே வில்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பதும் அதேதான். இங்கத்திய பால்செடிப் பஞ்சு, நம் எருக்கின் குடும்பம். கடைகளில் பவுடர் குப்பி விற்கிறார்கள், ஆனால் விவரமானவர்கள் பஞ்சைத்தான் நம்புகிறார்கள்.

உடுமலைக் காத்து

எல்லாரும் மூக்கைப் பெரிதாக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் பார்த்த அனுபவம் உண்டு, வனத்துறை அனுமதியோடு கணக்கெடுப்புக்குப் போனது. காற்று முதுகில் அடித்தபோதும் வெளிமான் நம்மைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தது. கையை ஒருமுறை தூக்கினேன், அவ்வளவுதான், துள்ளிக் குதித்து ஓடியது. கண்தான் முக்கியம். அசையாமல் இருக்கத் தெரிந்தவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன?

சான் ஆன்டோனியோ கொங்கன்

உடுமலை அண்ணா, வெளிமானைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கேயும் அப்படித்தான். திறந்த வெளியில் வாழ்கிற விலங்கு, தலையின் பக்கவாட்டில் துருத்திய பெரிய கண், ஓட்டத்தை நம்பி வாழ்கிறது. தூரத்தில் பார்த்துவிட்டு ஓடினால் போதும், பக்கத்தில் வரும்வரை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதை வைத்துக் கடமானை எடை போடாதீர்கள். கடமான் இருட்டிலும் புதரிலும் வாழ்கிறது, கண்ணால் அதற்கு எவ்வளவு பார்க்க முடியும்?

கேளையாடு

நான் காட்டுயிரியல் படிக்கும் மாணவி, ஊர் சத்தி. நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா.

உடுமலை அண்ணா சொன்னதும் டெக்சாஸ் அண்ணா சொன்னதும் மோதவில்லை. எந்த மான், எந்தக் காடு என்று கேட்டால் இரண்டும் பொருந்தும். புள்ளிமான் நடுவில் நிற்கிறது. கண், காது, மூக்கு மூன்றையும் வைத்துக்கொண்டிருக்கிறது, போதாததற்குக் குரங்கையும் வைத்துக்கொண்டிருக்கிறது. மந்தி மரத்திலிருந்து இலையையும் பழத்தையும் உதிர்க்கும், மான் கீழே தின்னும். மேலிருந்து மந்தி தூரத்தைப் பார்க்கிறது, கீழே மான் வாசம் பிடிக்கிறது. யார் முதலில் கத்தினாலும் இரண்டும் தப்பும். காற்றை மட்டும் சரிபார்த்துவிட்டு மரத்தைப் பார்க்காமல் நடந்தால் மந்தியிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

வேட்டையாடும் விலங்கு காற்றைப் பார்க்கிறதா என்பதும் நல்ல கேள்வி. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காட்டில் புள்ளிமானையும் புலியையும் ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் பிறகு 1960-களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களைப் பார்த்தார். சிங்கங்கள் காற்றுத் திசையைப் பொருட்படுத்துவதாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எதிர்க்காற்றில் போன வேட்டைகளில்தான் அவற்றுக்கு இரை அதிகம் கிடைத்தது. புலி விஷயத்தில், ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் வேறு மாதிரி சொன்னார். மனிதனுக்கு மோப்பம் கிடையாது என்பது புலிக்குத் தெரியாது, மானை நெருங்குவது போலவே மனிதனையும் எதிர்க்காற்றில் நெருங்குகிறது என்றார். ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போகும்போது எந்தப் பக்கம் அதிகம் கவனிக்க வேண்டும் என்பதை அவர் இதை வைத்தே முடிவு செய்தார்.

மானின் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ஈரத்தில் வாசத் துகள்கள் ஒட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்க ஈரம் சில்லென்றாகும். நாம் விரலை நனைத்துத் தூக்கிப் பார்க்கிறோமே, மானுக்கு அந்த விரல் முகத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. மனித வாசம் என்றாலே மான் ஓடும் என்பது சரியில்லை. பண்ணாரி ரோட்டோரத்தில் நிற்கிற புள்ளிமான்கள் நாள் முழுக்க நம் வாசத்திலும் டீசல் புகையிலும்தான் மேய்கின்றன. வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் வருகிற வாசம் அவற்றைக் கலைப்பதில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத பள்ளத்துக்குள் திடீரென்று புதுசாக, பலமாக வந்தால் ஓடுகின்றன. பழைய வாசமா புது வாசமா, பக்கத்திலா தூரத்திலா என்பது அவற்றுக்குத் தெரிகிறது.

தாராபுரத்தான்

தங்கச்சி, மந்தி விஷயம் அருமை. அப்போது சோப்பு, சென்ட், சலவைத்தூள் வாசமெல்லாம்? நண்பர் ஒருவர் வாசமே வராத உடை என்று அமெரிக்காவிலிருந்து வரவழைத்திருக்கிறார். நல்ல விலை.

சான் ஆன்டோனியோ கொங்கன்

காசை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். வாசத்தை உறிஞ்சுவதற்காகக் கரித்தூள் சேர்த்த அந்த உடைகளைப் போட்ட ஆட்களை ஒளித்து வைத்து, தேடும் நாய்களை விட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உடை போட்டாலும் நாய் கண்டுபிடித்துவிட்டது. நம் உடம்பிலிருந்து தோல் துகள் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, மூச்சு வேறு. உடையால் எதை அடைப்பது? வாசமில்லாத சோப்பில் குளிப்பதும், உடையை வெளியில் காயப்போட்டுத் தனியாக வைப்பதும் நல்ல பழக்கம், கொஞ்சம் குறையும். ரப்பர் பூட்ஸ் போட்டால் தரையில் விடும் தடம் குறையும். ஆனால் நான் அறிந்தவரை, காற்றுக்கு ஏற்ற இடத்தில் உட்கார்வதற்கு ஈடாகக் கடையில் எதுவும் விற்பதில்லை.

திம்பம் வளைவு

கணக்கெடுப்புக்கு வரும் தன்னார்வலர்களுக்கு முதலில் சொல்வதே சென்ட், பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய் வேண்டாம் என்றுதான். பீடி, சிகரெட்டும் கூடாது. நெருப்பு பயம் ஒரு பக்கம், வாசம் மறு பக்கம்.

புளியம்பட்டி வெள்ளாமை

நானும் ஒன்று கேட்கிறேனுங்க. நீங்கள் மானை நெருங்கப் பார்க்கிறீர்கள், நான் விரட்டப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டம் பவானிசாகருக்கு வடக்கே, மலையடிவாரம். வடக்கே காடு, தெற்கே சரிந்து நிலம். கடலைக்காய், சோளம், கொஞ்சம் ராகி. ராத்திரி மான் இறங்கும், காட்டுப்பன்றியும் இறங்கும். அழுகின முட்டைக் கரைசல், சலூன் முடி, பழைய வேர்வைச் சட்டை எல்லாம் கட்டிப் பார்த்தாயிற்று. முதல் வாரம் கேட்கும், அப்புறம் கேட்காது. சில நாள் முதல் வாரமே கேட்காது. வரப்பு முழுக்க, நிலத்து ஓரத்திலேயே நாலு பக்கமும் கட்டியிருக்கிறேன். கம்பியில் கரண்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். காற்றை வைத்து ஏதாவது வழி உண்டா?

மழைக்கணக்கு

உண்டுங்க. உங்கள் இடத்துக்குத்தான் காற்றின் நாள்கணக்கு சரியாகப் பொருந்தும்.

பகலில் வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும், சரிவை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறும். பொழுது சாய்ந்ததும் சரிவு குளிரும், காற்று கனமாகி, வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்துக் கீழே இறங்கும். பருவக்காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அது இதை அமுக்கிவிடும். மார்கழி முதல் பங்குனி வரை, வானம் தெளிந்த ராத்திரிகளில், இந்த ஏற்ற இறக்கம்தான் ஆட்சி.

இப்போது உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். ராத்திரி காற்று வடக்கே மலையிலிருந்து தெற்கே உங்கள் நிலத்துக்கு இறங்குகிறது. மானும் அதே பக்கமிருந்துதான் இறங்குகிறது, காற்று அதன் முதுகில். நீங்கள் நிலத்து ஓரத்தில் கட்டிய சட்டை வாசமெல்லாம் தெற்கே ஊருக்குள் போகிறது. மான் வரப்பை மிதிக்கும்வரை அதன் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. வந்து சேர்ந்த பிறகு எதிரே கடலைக்காய், பக்கத்தில் ஒரு பழஞ்சட்டை. கடலைக்காய்தான் ஜெயிக்கும்.

கட்டுவதென்றால் வடக்கே, மேட்டில், மான் இறங்குகிற தடத்துக்கு மேலேயே, உங்கள் பட்டா எல்லை எதுவரை போகிறதோ அதுவரை கட்டுங்கள். அப்போது வாசம் காற்றோடு தடம் நெடுகக் கீழே வரும், மான் அதற்குள்ளேயே நடக்க வேண்டியிருக்கும். மற்ற மூன்று பக்கமும் கட்டுவது ராத்திரிக்கு வீண்.

புளியம்பட்டி வெள்ளாமை

நீங்கள் சொன்னதும்தான் ஒன்று புரிகிறது. எங்கள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நாயை வடக்குப் பக்கம் கட்டினாலும் தெற்குப் பக்கம் கட்டினாலும் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் வடக்கே பார்த்துத்தான் குரைக்கும், நாங்கள் டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. சித்த நேரம் கழித்துத்தான் மான் வேலியோரம் வந்து நிற்கும். நாய்க்கு முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்று அப்பாரு காலத்திலிருந்து ஆச்சரியம்தான். காற்று நாய்க்குச் சாதகம், மானுக்குப் பாதகம்.

வேலியோரம் வந்த மான் நேராகவும் இறங்குவதில்லைங்க. கிழக்கே கொஞ்ச தூரம் வேலியோடு நடக்கும், திரும்பி மேற்கே நடக்கும், மூக்கைத் தெற்கே நீட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் தாவும்.

கேளையாடு

அண்ணா, அது அருமையான கவனிப்பு. காற்று முதுகில் வரும்போது முன்னால் இருப்பது மானுக்குத் தெரியாது. அதனால் பக்கவாட்டில் நடந்து, ஏதாவது ஒரு திருப்பக் காற்று முன்னாலிருந்து வருகிறதா என்று தேடுகிறது. அந்த நடைதான் அது மிகவும் பதற்றமாக இருக்கும் நேரம். விரட்ட நினைத்தால் அப்போது ஒரு சத்தம், ஒரு வெளிச்சம் போதும். உள்ளே இறங்கித் தின்ன ஆரம்பித்த பிறகு விரட்டுவது கஷ்டம்.

வாசப் பொருளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இடத்தையும் மாற்றுங்கள். அதே சட்டை அதே கம்பில் தொங்கினால் பண்ணாரி ரோட்டு மான்களுக்கு டீசல் பழகின மாதிரிப் பழகிவிடும்.

உடுமலைக் காத்து

கண்தான் முக்கியம் என்று எழுதியவன் நான். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் மூக்கு பெரிது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், வெளிமான் விஷயத்தில் என் பேச்சு பேச்சுதான். இப்போது ஒரு சந்தேகம். குளக்கரையில் மாலையில் உட்கார்ந்து பார்க்கிறோம். மேட்டில் உட்கார்ந்தால் வாசம் தலைக்கு மேலே போய்விடும், மான் கீழே தண்ணீர் குடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரியா?

மழைக்கணக்கு

மதியத்தில் சரி, பொழுது இறங்கிய பிறகு தப்பு. குளம் இருப்பது பள்ளத்தில். சாயங்காலம் சுற்றிலும் தரை குளிர்ந்ததும் காற்று நாலாபக்கமிருந்தும் குளத்தை நோக்கி இறங்கும். மேட்டில் உட்கார்ந்தவர் வாசமும் அதோடு இறங்கித் தண்ணீர் ஓரத்தில் போய்த் தேங்கும். மான் வருகிற நேரமும் அதுவே. மேலே ஏறிக்கொண்டிருந்த காற்று நின்று, கீழே இறங்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த நேரத்துக்குள் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும், இல்லையென்றால் குளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தக் கீழ்ப்பக்கம் தள்ளி உட்கார வேண்டும். காற்றும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் வெளியேறும்.

கோடையில் கோயமுத்தூர், உடுமலைப் பக்கம் இன்னொரு தொந்தரவு. சாயங்காலம் கணவாய் வழியாகக் கடற்காற்று வந்து சேரும். அதுவரை அசையாமல் இருந்த இலை திடீரென்று மேற்கிலிருந்து ஆடும். உட்கார்ந்த இடம் ஒரு நிமிடத்தில் தப்பான இடமாகிவிடும்.

அதிகாலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், மேலே கலக்காது. வாசம் கலையாமல், தாழ்வாக, வெகுதூரம் போகும். உச்சிவெயிலில் சூடான தரை காற்றைக் கிளப்பிக்கொண்டே இருப்பதால் வாசம் மேலேறிக் கலைந்துவிடும், ஆனால் திசை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் தூரம் அதிகம், திசை நிலையாக இருக்கும். மதியத்தில் தூரம் குறைவு, திசையை நம்ப முடியாது. லேசான தூறல் விழுந்து ஈரமாக இருக்கும் நாளில் வாசம் நன்றாக நிற்கும். கொட்டுகிற மழை கழுவிவிடும்.

தாராபுரத்தான்

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று கரட்டுக்குப் போய், திம்பம் அண்ணன் சொன்ன மாதிரி வேப்பமரத்தடியில் பஞ்சு விட்டுப் பார்த்தேன். முதலாவது என் தோளைத் தாண்டிக் கிழக்கே போனது. இரண்டாவது நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. மூன்றாவது மேற்கே, நேராகக் கரட்டு அடிவாரத்துக்கு, மான் வழக்கமாக நிற்கிற ஆலமரத்தடிக்கு. சட்டை கொஞ்சமும் அசையவில்லை, பஞ்சு மட்டும் நிதானமாக நடந்து போகிறது. மான் அன்றைக்கு இல்லை.

இனி வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமே நின்று, தூரத்து லென்ஸ் போட்டு எடுக்கலாமென்று இருக்கிறேன். தெற்குப் பக்கம் கரட்டின் முனையில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே சுழல் விழாமல் காற்று ஓரமாக வழிந்து போகுமா?

மழைக்கணக்கு

முனையில் காற்று வேகம் கூடும், திசை ஓரளவு நிலையாக இருக்கும். மறைவுக்குள் நிற்பதை விட நல்லது. ஆனால் பாறைக்குப் பின்னாலும் ஒரு குட்டிச் சுழல் உண்டு. பாறைக்குப் பின்னால் ஒளியாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அங்கேயும் பஞ்சு விட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

திம்பம் வளைவு

தம்பி, பஞ்சு சேர்ப்பதில் ஒரு எச்சரிக்கை. பச்சைக் காயைப் பறித்து உடைக்காதீர்கள், எருக்கம்பால் கையில் பட்டு அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் பார்வைக்கே கெடுதல். கோடையில் காய் தானாகக் காய்ந்து வாய் பிளந்து நிற்கும்போது எடுத்து, மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள், மழைக்காலம் முழுக்க வரும். ஈரம் பட்டால் பஞ்சு ஒட்டிக்கொண்டு பறக்காது. ஆடியில் போகிறவர்களுக்கு இலவம்பஞ்சைப் பிய்த்து எடுத்துப் போனாலும் சரிதான், கொஞ்சம் கனம், அவ்வளவே.